சுவருக்குள் இருக்கும் இரும்பு

வீடு பார்க்க வருகிறவர்கள் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். தரையைக் குனிந்து பார்ப்பார்கள். காற்று வருமா, தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். பயன்படுத்திய தண்ணீர் எவ்வழியாக வெளியேறுகிறது என்று கேட்டவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. வருவதில் உள்ள அக்கறை போவதில் நமக்கு இருப்பதில்லை. ஆயினும் பழைய மாடிக் கட்டடங்களில் வாழ்வோர் என்றாவது ஒரு நாள் அந்தக் கேள்வியைக் கேட்டே தீரவேண்டியிருக்கிறது.

நாங்கள் பன்னிரண்டு குடும்பத்தினர் வாழும் கட்டடம் சென்னையில் 1958இல் எழுந்தது. தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் கொண்டது. மொட்டைமாடியிலிருந்து தரைவரை நான்கு வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய்கள் இறங்குகின்றன. ஆறடித் துண்டு ஒன்றே ஏறத்தாழ 20 கிலோ கனம். ஒன்றின் வாய்க்குள் மற்றொன்றின் முனையைச் செருகி, இடைவெளியில் சணல் திரியை இறுக அடைத்து, அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றி மூட்டியிருக்கிறார்கள். ஆறும்போது ஈயம் சற்றே சுருங்கும். ஆகவே உளி வைத்துச் சுற்றிலும் தட்டி இறுக்கவேண்டும். பிரான்சின் வெர்சாய் அரண்மனை நீரூற்றுகளுக்கு 17ஆம் நூற்றாண்டில் பதித்த வார்ப்பிரும்புக் குழாய்களில் சில 300 ஆண்டுகளைக் கடந்தும் உழைத்தன. அது நல்ல தண்ணீரின் கதை. கழிவைச் சுமக்கும் குழாய்க்கு அவ்வளவு ஆயுள் வாய்ப்பதில்லை.

2023 ஐப்பசியில் கீழ்வீட்டு டீச்சரம்மாவின் சமையலறைச் சுவரில் ஈரம் பூத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே வாடை அடிக்கிறது என்று அவர் சொல்லி வந்தார். எலி செத்திருக்கும் என்று விடை சொன்னவர்கள் உண்டு. மாடியில் இருப்போருக்கு வாடையும் இல்லை, ஈரமும் இல்லை. மேலும், கட்டடத்தின் முகப்புக்கு வண்ணம் பூசுவதற்கென்று மூன்று ஆண்டுகளாகப் பொதுப்பணம் சேர்ந்திருந்தது. அதைத் தொட யாருக்கும் மனமில்லை.

ஈயம் ஊற்றத் தெரிந்தவர்கள் இன்று அருகிவிட்டார்கள். பலரிடம் விசாரித்து அழைத்து வந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். சுவரைச் சிறிது பெயர்த்துக் குழாயைக் காட்டினார். கரிய நிறம், உருண்ட வடிவம், எல்லாம் அப்படியே இருந்தன. "நல்லாத்தானே இருக்கு, ஐயா?" என்று கேட்டவாறே பேனாக்கத்தியை எடுத்து அழுத்தினார். கத்தி உள்ளே இறங்கிற்று. உதிர்ந்த துணுக்கை ஒரு தாளில் தேய்த்தார். பென்சிலால் கிழித்தது போலக் கோடு விழுந்தது.

காரணம் இதுதான். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கரி உண்டு. அதில் பெரும்பகுதி, பென்சிலில் இருக்கிறதே, அதே கிராஃபைட். மெல்லிய செதில்களாக இரும்பினூடே கலந்திருக்கும். ஈரமும் அமிலமும் பல்லாண்டுகள் அரிக்கும்போது இரும்பு கரைந்துபோகும், கிராஃபைட் கரையாது. அது துருவோடு சேர்ந்து பழைய உருவத்தையே தாங்கி நிற்கும். கண்ணுக்குக் குழாய்தான், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் நொறுங்கும்.

வாடைக்கும் விளக்கம் கிடைத்தது. படுக்கையாகச் செல்லும் குழாயில் தண்ணீர் அடியில் ஓடுகிறது. மேற்பாதி காலியாக இருக்கிறது. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மேற்புறத்து ஈரத்தில் படிந்து, நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறி, அங்கே இரும்பைத் தின்கிறது. மேலே விழுந்த ஓட்டை ஒழுகாது, நாறும். கழிப்பறை வெளுக்கவேண்டும் என்று நாம் தாராளமாக ஊற்றும் ஆசிட்டும் பீங்கானை விட்டுவிட்டு இரும்பைத்தான் பதம் பார்க்கிறது.

கூட்டம் கூடியது. "எங்க வீட்டுப் பக்கம் குழாய் நல்லாத்தானே இருக்கு, நாங்க எதுக்குப் பணம் தரணும்?" என்றார் இரண்டாம் மாடிக்காரர் ஒருவர். மேல்வீட்டுக் குழாய் ஒரு வீட்டுத் தண்ணீரைச் சுமக்கிறது, கீழ்வீட்டுக் குழாய் மூன்று வீட்டுத் தண்ணீரைச் சுமக்கிறது என்று பெரியவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். வாதம் ஓயவில்லை. அதுவரை பேசாதிருந்த டீச்சரம்மா, "பணம் வேண்டாம். ரெண்டு நாள் மேலேருந்து யாரும் தண்ணி விடாம இருந்தா போதும், நானே மாத்திக்கிறேன்" என்றார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். அதன்பின் வண்ணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

வேலைக்கு முன் தெருவோரக் குழியில் அடைப்பெடுக்க வேண்டியிருந்தது. எவனாவது ஒரு பையனை இறக்கினால் ஒரு மணி நேரத்தில் முடியுமே என்றார் எங்களில் ஒருவர். பாதுகாப்பின்றி ஆளை இறக்கிக் கழிவுநீர்க் குழியைத் துப்புரவு செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பெரியவர் சட்டம் எதையும் சொல்லவில்லை. "மனுசனை இறக்கறதா இருந்தா நான் கிளம்பறேன்" என்று கருவிப் பையை எடுத்தார். இயந்திரம் வரும்வரை ஒரு நாள் காத்திருந்தோம்.

மேற்குழாயின் பாரம் இறங்கிவிடாதபடி முதலில் இரும்புப் பட்டை கட்டித் தாங்கினார். பிறகுதான் அறுத்தார், சுத்தியலைத் தொடவேயில்லை. கீழ்ப்பகுதிக்குப் பி.வி.சி. குழாய் வந்தது. இரும்பும் பிளாஸ்டிக்கும் சேருமிடத்தில் ரப்பர் உறையிட்டு எஃகுப் பட்டையால் முறுக்கினார்கள். முதல் மாடியில் ஒரு பழைய இரும்பு மூட்டு மட்டும் பழைய முறையில் ஈயம் பெற்றது. ஊற்றுமுன் அந்த வாயைத் தீயில் வாட்டி உலர்த்தினார். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் 327 பாகைக்கு மேல் உருகி நிற்கும் ஈயம் முகத்தில் தெறிக்கும். சன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, எங்களை வெளியே போகச் சொன்னார்.

மற்ற மூன்று குழாய்களையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்டு, இரண்டில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுவிட்டுப் போனார். அவற்றை 2024 கோடையில் மாற்றினோம். நான்காவது இன்னும் கணீரென்று ஒலிக்கிறது. முகப்புக்கு வண்ணம் பூசவில்லை. பிளாஸ்டிக் குழாய்க்கு இரும்பைப் போல ஓசையை அடக்கத் தெரியாது. மேலே யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று படுக்கையிலிருந்தே தெரிகிறது என்று டீச்சரம்மா சிரிக்கிறார்.