தனித்து நிற்கலாமா?

கட்சிக்குள் இடம் கிடைக்காத ஒருவர், கட்சியை விட்டு வெளியேறிச் சுயேச்சையாகக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கலாமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. 2016-இல் பெர்னி சாண்டர்ஸைப் பற்றி எழுந்தது. 2023-இல் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரைப் பற்றி எழுந்தது. அமெரிக்கத் தேர்தலால் நமக்கென்ன வந்தது என்று அன்பர்கள் கேட்கலாம். எனக்கு வந்திருக்கிறது.

நம் முதுகலை மாணவர் பேரவைத் தேர்தலில் போட்டியிடும் அணிகளில் ஒன்றில் நான் ஒன்றரை ஆண்டாக உழைத்து வருகிறேன். உதவித்தொகை மூன்று மாதம் வராமல் நின்றபோது மனு எழுதியவன் நான். அதிகாரியின் அறைவாசலில் பகல் முழுதும் காத்துக் கிடந்தவனும் நானே. சென்ற மாதம் அணியின் தலைமை வேட்பாளரை எங்களுக்குள்ளே வாக்கெடுத்துத் தேர்ந்தோம். முடிவு எதுவாயினும் எல்லோரும் ஒன்றாக நிற்பது என்று முன்னரே பேசிக்கொண்டோம். வாக்களித்தவர் 31 பேர். எனக்கு 12, எதிர்த்தவருக்கு 19. கூட்டம் கலைந்த பின் ஒரு நண்பர் என் தோளில் கை போட்டு, அன்போடுதான் சொன்னார்: “உன் உழைப்புக்குக் குறையில்லை. ஆனால் உன் இந்தி மேடைக்கு ஆகாது.”

அன்றிரவு மெஸ்ஸில் மதுரைத் தம்பி ஒருவர் ராஜ்மாவைச் சோற்றோடு பிசைந்தபடியே கொதித்தார். “அண்ணே, நீங்க தனியா நில்லுங்கண்ணே. நம்ம ஆளுக ஓட்டே நாப்பது இருக்கு. மலையாளப் பசங்க, தெலுங்குப் பசங்க சேந்தா நூறத் தாண்டும். இவங்கள நம்பி எத்தன நாளைக்குப் பின்னாலயே நிக்கிறது?” சுற்றி இருந்தவர்கள் தலையசைத்தார்கள். எனக்கும் இரத்தம் சூடேறியது உண்மை. ஆனால் நான் இயற்பியல் படிப்பவன். உள்ளம் கொதிக்கும்போது எண்களைத் தேடிப் போவது என் வழக்கம். அந்த வாரம் சோதனைக்கூடத்தில் கருவி சூடாகக் காத்திருந்த நேரமெல்லாம் அமெரிக்கத் தேர்தல் வரலாற்றில் கழிந்தது.

முதலில் 1912. தியோடோர் ரூஸ்வெல்ட் சாதாரண மனிதரல்லர். முன்னரே குடியரசுத் தலைவராக இருந்தவர். அவ்வாண்டு மாநிலங்களில் நடந்த உட்கட்சித் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை அவரே வென்றார். ஆயினும் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடு, பதவியில் இருந்த டாஃப்டையே வேட்பாளராக்கியது. ரூஸ்வெல்ட் வெளியேறினார், முற்போக்குக் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். விளைவு என்ன? நூற்றுக்கு 27 வாக்குகள் அவருக்கு, 23 டாஃப்டுக்கு. இரண்டையும் கூட்டினால் 50. ஆனால் நூற்றுக்கு 42 மட்டும் பெற்ற உட்ரோ வில்சன் 435 தேர்வாளர் வாக்குகளுடன் வெள்ளை மாளிகைக்குப் போனார். ரூஸ்வெல்ட்டுக்கு 88, டாஃப்டுக்கு வெறும் 8. வெளியேறிச் சென்றவர், தம்மைத் தள்ளிய கட்சியைத் தோற்கடித்துக் காட்டினார். பழி தீர்ப்பதே நோக்கமானால் அது முழு வெற்றிதான்.

அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்தக் கதி என்றால் பிறரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1980-இல் ஜான் ஆண்டர்சன் குடியரசுக் கட்சிப் போட்டியிலிருந்து விலகித் தனித்து நின்றார். கிடைத்தது நூற்றுக்கு 7-க்கும் குறைவு. 1992-இல் ராஸ் பெரோ, எக்கட்சியையும் விட்டு வந்தவரல்லர், தொடக்கத்திலிருந்தே தனியர், பெருஞ்செல்வர். ஏறக்குறைய 2 கோடி மக்கள் அவருக்கு வாக்களித்தார்கள். நூற்றுக்கு 19. தேர்வாளர் வாக்கு? ஒன்றுகூட இல்லை!

இதற்குக் காரணம் மக்களின் மனமன்று, எண்ணும் முறை. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டும் நீங்கலாக, ஒரு மாநிலத்தில் ஒரு வாக்கு கூடப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும். எங்கும் பரவலாக இரண்டாமிடம் பெறுபவருக்கு எதுவுமில்லை. மொத்தம் 538-இல் 270 வேண்டும். மூவர் பிரித்துக்கொண்டு ஒருவருக்கும் 270 வாராவிட்டால், பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும்; அதுவும் மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில். 52 உறுப்பினரை அனுப்பும் கலிபோர்னியாவுக்கும் ஒன்று, ஒரே உறுப்பினரை அனுப்பும் வயோமிங்குக்கும் ஒன்று. அந்தச் சபையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரு கட்சியாரே. தனியருக்கு அங்கே யார் கை தூக்குவார்? 1824-இல் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் முந்தி நின்ற ஆண்ட்ரூ ஜாக்சனையே விட்டுவிட்டு, ஜான் குவின்சி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்த சபை அது.

இனி சாண்டர்ஸ். இவர் கதைதான் என்னை உறங்கவிடாதது. 1991 முதல் சுயேச்சையாகவே காங்கிரசில் இருந்தவர், 2016-க்காக ஜனநாயகக் கட்சியின் வாயிலில் நுழைந்தார். ஒரு கோடியே முப்பது லட்சம் அளவில் வாக்குகள், நூற்றுக்கு 43. அவர்மீது கட்சித் தலைமைக்கு அன்பில்லை என்பது 2016 ஜூலையில் வெளியான மின்னஞ்சல்களால் ஊரறிந்ததாயிற்று. கட்சித் தலைவி பதவி விலக நேர்ந்தது. பசுமைக் கட்சியினர் தங்கள் இடத்தைத் தரவும் முன்வந்தார்கள். அவர் அசையவில்லை. ஹிலாரி கிளிண்டனை ஆதரித்தார். கூட்டத்தில் அவருடைய இளைஞர்களே அவரை நோக்கிக் கூச்சலிட்டார்கள். அந்த இளைஞர் கூட்டத்தில் நான் இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் பின்னர் நடந்ததைப் பாருங்கள். மக்கள் தேர்ந்தெடுக்காமலே மாநாட்டில் வாக்களித்து வந்த கட்சிப் பெரியவர்களின் உரிமையை 2018-இல் அக்கட்சியே சுருக்கியது. போட்டி நிலவும் முதற் சுற்றில் அவர்கள் வாக்களிக்க முடியாது. சாண்டர்ஸ் 2020-இல் மீண்டும் நின்றார், மீண்டும் தோற்றார்; 2021-இல் செனட்டின் வரவு செலவுக் குழுவுக்குத் தலைவரானார். தலைமைப் பதவி கிட்டவில்லை. விதி மாறியது. இது சிறிய லாபமா பெரிய லாபமா என்பதில் மதுரைத் தம்பிக்கும் எனக்கும் இன்னும் வழக்கு ஓயவில்லை.

கென்னடி ஜூனியர் மறுவழி சென்றார். 2023 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் புறப்பட்டு, அக்டோபரில் பிலடெல்பியாவில் சுயேச்சை என்று அறிவித்தார். அதன்பின் கொள்கை பேசிய நேரத்தைக் காட்டிலும், மாநிலந்தோறும் கையெழுத்துத் திரட்டி வாக்குச் சீட்டில் பெயர் ஏற்றப் பட்ட பாடே மிகுதி. 2024 ஆகஸ்டில் பிரசாரத்தை நிறுத்திக்கொண்டு டிரம்பை ஆதரித்தார். வேடிக்கை என்னவென்றால், பெயரைச் சேர்க்க வழக்காடியவர் பிறகு சில மாநிலங்களில் அதே பெயரை நீக்கவும் வழக்காட வேண்டியிருந்தது! மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் பெயர் நீங்கவேயில்லை. 2025-இல் அமைச்சரானார் என்பது வேறு. அது வேறொருவர் வீட்டுத் திண்ணையில் கிடைத்த இடம்.

“வெளியே போவேன்னு ஒருநாளும் சொல்லாதவன எவன் மதிப்பான்?” என்று தம்பி மடக்கினார். நல்ல கேள்வி. விடையும் அமெரிக்காவிலேயே இருக்கிறது. 2015 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் முதல் விவாத மேடையில், கட்சி தேர்வுசெய்பவரை ஆதரிப்பதாக உறுதி தர இயலாதவர் யார் என்று கேட்டபோது கை தூக்கியவர் டிரம்ப் ஒருவரே. அடுத்த மாதம் உறுதிமொழியில் கையெழுத்திட்டார்; மறு ஆண்டு அக்கட்சியையே கைப்பற்றினார். அவரை எனக்குப் பிடிக்காது. ஆனால் கணக்கு கணக்குத்தான். வெளியேறும் உரிமையை அவர் போட்டிக்கு முன்பே மேசைமேல் வைத்தார். தோற்ற பிறகு எடுத்து நீட்டவில்லை. நான் 31 பேரோடு அமர்ந்து, வாக்குக் கொடுத்து, வாக்கு வாங்கி, எண்ணி முடித்த பின் எழுந்து போனால் அது ரூஸ்வெல்ட்டின் வழி. எனக்கு வாக்களித்த அந்த 12 பேரில் பத்துப் பேர் தமிழரல்லர் என்பதையும் தம்பியிடம் சொன்னேன். அவர்களுக்கு நான் என்ன சொல்வது? நாற்பது தமிழர் இருக்கிறார்கள், உங்கள் துணை வேண்டாம் என்றா?

நம் நாட்டில் வேறொரு கணக்கு உண்டு. 1969-இல் வி. வி. கிரி சுயேச்சையாகவே நின்று குடியரசுத் தலைவரானார். காங்கிரசின் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி, அவர் பக்கம் காமராசர் நின்றார், கிரியைத் தி.மு.க. ஆதரித்தது. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, வேண்டியதோ 4,18,169. இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகே 4,20,077-இல் கரையேறினார். தனித்து நின்றார் என்று பெயர். பின்னால் பிரதமரே இருந்தார் என்பதை மறுக்கவில்லை. எனினும் முறையைக் கவனியுங்கள்: மூன்றாமவருக்கு முதல் வாக்குப் போட்டவரின் இரண்டாம் விருப்பம் வீணாகவில்லை. அமெரிக்காவிலும் மெய்ன் மாநிலம் 2020 முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் விருப்ப வரிசை முறையைக் கைக்கொள்கிறது. இம்முறை 1912-இல் இருந்திருந்தால் ரூஸ்வெல்ட் வெளியேறியதில் யாருக்கும் குற்றம் காண இடமிருக்காது. நானே போய் நிற்கச் சொல்லியிருப்பேன்.

நம் பேரவையில் அந்த முறை இல்லை. ஒரு வாக்கு கூடுதல் பெற்றவர் வென்றவர். நான் தனித்து நின்றால் எங்கள் அணி உடையும். உதவித்தொகையைப் பற்றி வாயே திறக்காத எதிரணி வரும்.

வேட்பு மனுவுக்கான கடைசி நாள் சென்ற வெள்ளிக்கிழமை. நான் கொடுக்கவில்லை. தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே இட்லிப் பொடி கொண்டு வந்தார். இப்போது இருவரும் சேர்ந்து வேறொரு மனு எழுதுகிறோம். பேரவைத் தேர்தலில் விருப்ப வரிசை முறை வேண்டும் என்பது அதன் ஒரே கோரிக்கை. இந்தி வாசகத்தை என்னைத் தோற்கடித்தவரே திருத்திக் கொடுத்தார். இதுவரை 63 கையெழுத்து. மாலை ஆறு மணிக்குமேல் விடுதி வாசிப்பறையில் இருப்போம். பேனா கொண்டு வாருங்கள், எங்களிடம் இருப்பது ஒன்றுதான்.