உரித்த கோழி

பழைய கோவாவில் எல்லோரும் புனித சவேரியாரின் உடலைப் பார்க்க வரிசையில் நகர்ந்துகொண்டிருக்க, நான் போம் ஜேசு பசிலிக்காவின் முகப்பை வரைய வெளியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செம்புராங்கல் பென்சிலுக்கென்றே பிறந்த கல். புழைபுழையாக இருப்பதால் 4பி பென்சிலைப் படுக்கவைத்து இழுத்தாலே சொரசொரப்பு வந்துவிடுகிறது. இடையில் வசாயிலிருந்து வந்த பசால்ட் வேலைப்பாடுகளுக்கு மட்டும் கூர்சீவிய எச்பி.

"உரித்த கோழியை வரைகிறீர்கள்" என்றது ஒரு குரல். திருப்பலி முடிந்து குடையோடு வந்த பெரியவர்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் கோயில் தூண்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களைத் திட்டியே வளர்ந்தவன் நான். வெறுங்கல்தான் அழகு, பூச்சு என்றாலே கேடு என்பது என் கட்சி. அதையே சொன்னேன்.

"உங்கள் ஊர்க் கருங்கல் நனைந்தால் காய்ந்துவிடும். எங்கள் கல் தண்ணீரைக் குடிக்கும்" என்றார். 1605இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயம் அது. தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்புச் சாந்துக்குள் பத்திரமாக இருந்ததை, 1950களில் போர்ச்சுக்கீசியக் கட்டடக் கலைஞர் ஒருவர் பழமை தெரியட்டும் என்று சுரண்டிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் கல்லை அரிக்கிறது. நான் ரசித்துத் தீட்டிய குழிகளில் எது கல்லோடு பிறந்தது, எது மழை தோண்டியது என்று பார்த்தேன். பிரிக்க முடியவில்லை.

"மறுபடி பூசினால் வருகிறவர்களுக்கு அடையாளமே தெரியாதே?"

"சவேரியார் போஸ்ட்கார்டுக்காகவா படுத்திருக்கிறார்?"

பதில் சொல்லாமல் சாலையைக் கடந்து சே பேராலயத்துக்குப் போனேன். கோபம் ஆறவில்லை. இது இன்னும் வெள்ளைவெளேர் என்று நிற்கிறது. வரையத் தொடங்கியதும்தான் சங்கடம் புரிந்தது. வெள்ளைச் சுவரைப் பென்சிலால் தீட்ட முடியாது. தாளை அப்படியே விட்டுவிட்டு, விளிம்புகளுக்கு அடியில் விழும் நிழலைக் கொண்டே சுவரை எழுப்ப வேண்டும். அங்கே கோணலை மறைக்கக் கல்லின் கரடுமுரடு இருந்தது. இங்கே ஒரு கோடு சாய்ந்தாலும் கட்டடமே சாய்ந்துவிடும். போதாக்குறைக்கு முகப்பில் ஒரு பக்கம்தான் மணிக்கோபுரம். மற்றது 1776இல் இடிந்தது, திரும்பக் கட்டவேயில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் பெரியவர் அங்கேயும் எட்டிப் பார்த்தார்.

"இது தேவலை. அந்த இன்னொரு கோபுரத்தையும் போட்டுவிடுங்களேன், தாளில்தான் இடம் இருக்கிறதே."

"இருப்பதைத்தான் வரைவேன்."

"அப்படியா? முன்னால் நிற்கிற தொல்லியல் துறைப் பலகை எங்கே?"