பிளவில் இறங்கிய கங்கை

மலையை நீர் அறுத்துச் சென்ற இடங்கள் உலகில் பல உண்டு. ஆந்திர மாநிலம் கடப்பை மாவட்டத்துக் கண்டிக்கோட்டாவில் பென்னா நதி எர்ரமலைத் தொடரை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள், நடுவே ஆழத்தில் நதி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு பல லட்சம் ஆண்டுகளாக அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். சில இடங்களில் ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். இத்தகைய இடங்களில் எல்லாம் நீர் முதலில் வந்தது. பள்ளம் பின்னர் உண்டாயிற்று.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் இந்த வரிசை மாறி அமைந்திருக்கிறது. மாமல்லபுரத்துக் குன்றின் கிழக்கு முகத்தில் கருங்கற்பாறை மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. அதில் நதி ஏதும் ஓடவில்லை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் அந்தப் பிளவைக் கண்டார்கள். அதற்கு ஒரு நதியைக் கொடுத்தார்கள். அந்த நதிதான் கங்கை.

'அர்ச்சுனன் தபசு' என்று ஊரார் வழங்கும் அந்தச் சிற்பப் பாறையைக் காணாதவர் இப்பகுதியில் அரியர். சுமார் 90 அடி நீளமும் 30 அடிக்கு மேல் உயரமும் கொண்ட பாறைப் பரப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் நிறைந்திருக்கின்றன. பள்ளிச் சுற்றுலாவில் வரும் குழந்தைகள் யானைகளைக் காண்பார்கள். யானைகளின் அருகே தவக்கோலத்தில் நிற்கும் பூனையைக் கண்டு சிரிப்பார்கள். பெரியவர்கள் ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் மெலிந்த உருவத்தையும், அருகே பூதகணங்கள் சூழ வரமருளும் சிவபெருமானையும் வணங்குவார்கள். ஆனால், இத்தனை உருவங்களும் எதை நோக்கித் திரும்பியிருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேவரும் கந்தருவரும் முனிவரும் வேடரும் விலங்குகளும் இருபுறமிருந்தும் நடுவிலுள்ள பிளவை நோக்கியே வருகிறார்கள். மாமல்லபுரத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டும் யாரும் அறியாமல் கிடக்கும் மலைப் பள்ளம் அதுவே.

சென்ற மார்கழியின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டிலிருந்து ஒரு குடும்பம் அதன் முன் வந்து நின்றது. எழுபத்தெட்டு வயதான ஓர் அம்மாள், அவருடைய மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி, ஆறாம் வகுப்புப் பேரன் என ஐந்து பேர். முந்தைய நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கோடையில் முற்பகலுக்குள் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும் அந்தப் பாறைகள் அன்று குளிர்ந்து கிடந்தன. தலசயனப் பெருமாள் கோயில் பக்கமிருந்து திருப்பாவை ஒலி மிதந்து வந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாளின் நெடுநாள் விருப்பம் காசிக்குப் போக வேண்டும் என்பது. அவருடைய கணவர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். திருமணமான சில ஆண்டுகளிலேயே மனைவியின் விருப்பத்தை அறிந்து, வங்கியில் மாதம் ஐம்பது ரூபாய் செலுத்தும் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினார். வீட்டில் அதற்குக் 'காசிக் கணக்கு' என்றே பெயர். முதல் முறை முதிர்ந்த தொகை மகளின் திருமணத்துக்குப் போயிற்று. இரண்டாம் முறை சேர்ந்தது மகனின் கல்லூரிக் கட்டணம் ஆயிற்று. ஓய்வு பெற்ற பிறகு மூன்றாம் முறை தொடங்கினார். அது முதிரும் முன்னரே அவருடைய மருத்துவத்துக்காக முடிக்கப்பட்டது. அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று மகனிடம் பொருள் வசதி உண்டு. விமானத்தில் அழைத்துச் செல்லவும் அவர் அணியமாக இருக்கிறார். ஆனால் அம்மாளின் இருதயமும் முழங்காலும் நெடும் பயணத்துக்கு இடம் தரவில்லை. மருத்துவர் உறுதியாக மறுத்துவிட்டார். கணவருக்காகக் கங்கைக் கரையில் ஒரு பிடி எள்ளும் நீரும் விட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 'கங்கையைத்தான் பார்க்க முடியவில்லை, அவள் இறங்கிய கோலத்தையாவது காட்டுவோம்' என்று மகன் அழைத்து வந்திருந்தார்.

அந்தச் சிற்பத்தில் தவம் செய்பவர் யார் என்பதில் அறிஞரிடையே நெடுங்கால வாதம் உண்டு. பாசுபத அத்திரம் வேண்டித் தவமிருந்த அர்ச்சுனன் என்பர் ஒரு சாரார். கங்கையைப் பூமிக்குக் கொணரத் தவமிருந்த பகீரதன் என்பர் மற்றொரு சாரார். பகீரதன் எனக் கொள்வோருக்குப் பெரும் துணையாக நிற்பது பிளவுதான். அதனுள் நாகராசனும் நாகினியும் படமெடுத்த தலைகளோடு, கூப்பிய கரங்களோடு, நீரில் நீந்தி மேலேறுவதுபோல் வடிக்கப்பட்டிருக்கிறார்கள். பிளவின் அடியில், கரை போன்ற இடத்தில், நீராடி எழுந்த அடியார்கள் காணப்படுகிறார்கள். ஒருவர் நீர்க்குடத்தைத் தோளில் சுமக்கிறார். ஒருவர் விரல்களுக்கிடையே கதிரவனை நோக்கி வழிபடுகிறார். மற்றொருவர் நனைந்த துணியை முறுக்கிப் பிழிகிறார்.

பேரன் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "பாட்டி, கங்கை கங்கைன்னு சொல்றீங்களே, தண்ணியே காணோமே?"

அம்மாள் துணி பிழியும் உருவத்தைச் சுட்டிக் காட்டினார். "அவர் துணியைப் பிழியறாரு பாரு. தண்ணி இல்லாம துணி எப்படிப்பா நனையும்?"

அந்த விடையில் வேடிக்கை மட்டும் இல்லை. பிளவின் மேலே, பாறையின் உச்சியில், நீரைத் தேக்கி வைக்கத் தொட்டி ஒன்று இருந்ததற்கான அடையாளங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். விழாக் காலங்களில் அதிலிருந்து நீரைத் திறந்துவிட, அது பிளவின் வழியாக நாகங்களை நனைத்துக்கொண்டு கீழே விழுந்திருக்கும் என்பது அவர்கள் கருத்து. கல்லில் நின்ற நதி அந்த நாள்களில் உண்மையாகவே ஓடியிருக்கும். சிற்பத்தின் கீழ்ப்பகுதி நெடுங்காலம் மண்ணுள் புதைந்து கிடந்தது. பிற்காலத்தில் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த பிறகே நதியின் கரை முழுமையாகத் தெரிந்தது.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் இருவரும் தந்தையோடு குன்றின் மேல் ஏறினார்கள். வடக்கே சரிவில் நிற்கும் வானிறைக் கல்லைக் கடந்து, பாறைகளுக்கிடையே ஏறும் வழி, வராக மண்டபத்தையும் கட்டி முடிக்கப்படாத இராயர் கோபுரத்தையும் சுற்றிச் செல்கிறது. மார்கழியில் இந்தக் குன்று காட்டும் முகம் வேறு எந்தப் பருவத்திலும் காணக் கிடைக்காது. பாறைக் குழிகளில் எல்லாம் மழைநீர் தேங்கி, வானம் அதில் தெரியும். இடுக்குகளில் புல் பசுமையாக முளைத்திருக்கும். மேற்குப் புறம் இறங்கினால் கூட்டம் குறைந்துவிடும். அங்கே கோனேரிப் பள்ளத்தை நோக்கிய கோனேரி மண்டபம் இருக்கிறது. இன்றும் வழிபாட்டில் இருக்கும் ஆதிவராகப் பெருமாள் குடைவரையும் அப்புறத்தில்தான் உள்ளது. பூமிப் பிராட்டியை வலப்புறம் ஏந்தியதால் அத்தலம் திருவலவெந்தை எனப்படுகிறது. கடலுள் மூழ்கிய நிலத்தை மீட்டெடுத்த பெருமானைக் கடற்கரையூர் ஒன்றில் வணங்குவது எத்துணைப் பொருத்தம்!

கீழே அம்மாளும் மருமகளும் அமர்ந்திருந்தார்கள். கிழக்கிலிருந்து வெயில் ஏறி, பிளவின் உட்புறத்தையும் எட்டியது. முந்தைய நாள் மழையின் ஈரம் நாகங்களின் மீது கறுத்த கோடாக இறங்கியிருந்தது. அம்மாள் இருந்த இடத்திலிருந்தே கைகூப்பினார்.

பகீரதன் கதையில் பலரும் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. கபிலரின் கோபத் தீயில் சாம்பலான சகரனின் அறுபதாயிரம் புதல்வரைக் கரையேற்றக் கங்கை நீர் வேண்டும் என்றறிந்தவன் சகரனின் பேரன் அஞ்சுமான். அவன் முயன்றான், கங்கை வரவில்லை. அவன் மகன் திலீபனும் அக்கவலையோடே வாழ்ந்து மறைந்தான், அப்போதும் வரவில்லை. திலீபனின் மகன் பகீரதன் காலத்தில்தான் அது நிறைவேறியது. புகழ் பகீரதனுடையது, எனினும் தவம் அஞ்சுமானிடமிருந்தே தொடங்கிவிட்டது. தந்தை இறக்கி வைத்த சுமையை மகன் எடுத்துக்கொண்டான், அவ்வளவே.

குன்றிலிருந்து இறங்கிய பிள்ளைகள், "மேலே தண்ணி இருக்கு பாட்டி" என்று ஓடி வந்தார்கள். பிறகு அனைவரும் தெற்கு நோக்கி மெல்ல நடந்தார்கள். கோவர்த்தன மலையைக் குடையாக ஏந்திய கண்ணனின் மண்டபம் அருகிலேயே இருக்கிறது. ஒரு பாறையில் நீர் வேண்டித் தவம். அடுத்த பாறையில் நீருக்கு அஞ்சிய ஆயர்களுக்கு அடைக்கலம். 2015 டிசம்பரின் வெள்ளத்தையும் 2019 கோடையின் வறட்சியையும் கண்டவர்களுக்கு இவ்விரண்டின் பொருளும் நன்றாகவே விளங்கும்.

இன்னும் தெற்கே, கலங்கரை விளக்கம் இருக்கும் திசையில், அதே குன்றில் மற்றொரு தபசுப் பாறை இருக்கிறது. பெரும்பாலோர் நிற்காமல் கடந்து போகும் இடம் அது. அங்கும் நடுவே ஒரு பிளவு. அங்கும் அதே காட்சியைச் செதுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் பணி நின்றுவிட்டது. உருவங்கள் பாறையிலிருந்து பாதி வெளிப்பட்டு, மீதி கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டன. முகங்கள் தெளியவில்லை. ஆயினும் அவையும் பிளவை நோக்கியே நிற்கின்றன.

அம்மாள் முதற்சிற்பத்தின் முன் இருந்ததைவிட அங்கே அதிக நேரம் நின்றார். பிறகு சொன்னார்: "உங்க தாத்தாவோட காசிக் கணக்கு மாதிரியே இருக்கு."

எவரும் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து அவரே மகனிடம் திரும்பி, "தை பொறந்ததும் நீ பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் காசிக்குப் போயிட்டு வாப்பா. அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய். நான் வராட்டா என்ன? ஒரு செம்புல கங்கைத் தண்ணி கொண்டு வந்தா போதும்" என்றார். அதுவரை 'அம்மா இல்லாமல் நான் மட்டும் எப்படிப் போவது' என்று சொல்லி வந்த மகன், தலையை மட்டும் அசைத்தார். "தாத்தா பேரைச் சொல்லி நானும் தண்ணி விடலாமா?" என்று பேரன் கேட்டான். "நீ முங்கிக் குளிச்சுட்டு வா, அதுவே தாத்தாவுக்குச் சேரும்" என்றார் பாட்டி.

அவர்கள் அடுத்துச் சென்றது தலசயனப் பெருமாள் சந்நிதிக்கு. 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருக்கடல்மல்லை இது. முதலாழ்வார் மூவருள் ஒருவரான பூதத்தாழ்வார் அவதரித்த தலமும் இதுவே. இங்கும் ஒரு முடியாத பணியின் வரலாறு உண்டு. புண்டரீக முனிவர், தாம் பறித்த தாமரையைத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமான் திருவடியில் சாத்த விரும்பினார். கடல் குறுக்கே நின்றது. அதனைக் கையால் இறைத்து வழி உண்டாக்க முற்பட்டார். இரவும் பகலும் இறைத்தும் கடல் குறையவில்லை. அப்போது முதியவர் ஒருவர் வந்து பசிக்கிறது என்றார். மலரை அவரிடம் கொடுத்துவிட்டு முனிவர் உணவு கொண்டுவரப் போனார். திரும்பி வந்தபோது, கடல் விலகியிருந்த இடத்தில், வெறுந்தரையில், அந்த மலரை ஏற்றுப் பெருமான் பள்ளிகொண்டிருந்தார். முனிவர் கடலை இறைத்து முடிக்கவில்லை. பாற்கடலுக்குப் போய்ச் சேரவும் இல்லை. பெருமானே அவர் நின்ற கரைக்கு வந்து தரையில் படுத்துக்கொண்டார்.

தரிசனம் முடிந்து, நிலமங்கைத் தாயாரையும் வணங்கி, துளசித் தீர்த்தம் பெற்று அக்குடும்பம் வெளியே வந்தது. அர்ச்சகர் வார்த்த தீர்த்தத்தில் ஒரு துளியை அம்மாள் கணவரை நினைத்துத் தலையில் தடவிக்கொண்டார்.

மார்கழி, தை மாதங்களில் மாமல்லபுரம் செல்லும் அன்பர்கள் காலையிலேயே சென்றுவிடுதல் நலம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் வேதகிரீசுவரரையும் சேவிக்கலாம். நண்பகலில் பெருமாள் கோயில் நடை சாத்தப்படும் என்பதால், தபசுப் பாறையைக் காலை வெயிலில் கண்டுவிட்டுச் சந்நிதிக்குச் செல்லலாம். பாறைச் சிற்பங்களைத் தொட வேண்டாம். குன்றில் ஏறுவோர் மழை ஈரத்தில் வழுக்காமல் கவனமாக நடக்க வேண்டும். முடிவுறாத தபசையும் தவறாமல் காணுங்கள். முதியோரை அழைத்துச் செல்பவர்கள் அவசரப்படுத்தாமல், பிளவின் முன் சிறிது நேரம் அவர்களை அமரவிடுங்கள். தாங்கள் விட்டுச்செல்லும் வேண்டுதல் எது என்று அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லக்கூடும். அதைக் கேட்டுக்கொள்வதற்கு அதைவிட நல்ல இடம் அமைவது அரிது.