தென்னையில் இரண்டு வண்டு

காண்டாமிருக வண்டு. கறுப்பு. தலையில் ஒரு கொம்பு. ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சின்னது.

சிவப்புக் கூன்வண்டு. கொம்பு இல்லை, நீள மூக்கு. ஆண் மூக்கின் மேல் மட்டும் கொஞ்சம் கட்டை மயிர். எதற்கோ.

கொம்பன் குடைவது விரியாத குருத்தை. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓலை விரியும்போதுதான் தெரியும். கத்தரியால் விசிறி வெட்டின மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே அளவில்.

தின்பதாகவும் சொல்ல முடியாது. மென்று, சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையை வெளியே தள்ளுகிறது. மட்டை இடுக்கில் சக்கை இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. கொக்கிக் கம்பியை விட்டு இழுக்க வேண்டியதுதான்.

அதன் புழுவுக்கு மரமே வேண்டாம். எருக்குழி போதும். ஒழுங்காக எரு சேர்க்கிறவருக்கு இந்தத் தண்டனை.

கூன்வண்டில் வண்டு சாது. புழுதான் ஆபத்து. கால் கிடையாது. தண்டுக்குள்ளேயே பிறந்து, தின்று, நாரைச் சுற்றிக் கூடு கட்டி, வண்டாகிறது.

தண்டில் காதை வைத்தால் கேட்கும். கறுக் கறுக். இப்போது அதற்கும் கருவி வந்துவிட்டது.

ஓட்டையில் செம்பழுப்பாகச் சாறு வடிகிறதா, தாமதம். கொண்டை சாய்ந்ததா, போச்சு.

பச்சை மட்டையை அடியோடு வெட்டாதே, 4 அடி விட்டு வெட்டு என்கிறார்கள். ஏறுவதற்குத் தண்டில் படி வெட்டாதே. காயம் இருந்தால் கூன்வண்டு முட்டையிட வரும்.

கொம்பன் போட்ட ஓட்டையும் காயம்தான்.

1909. இலங்கையிலிருந்து சமோவாவுக்கு ரப்பர் கன்றுகள் போயின. கொம்பனும் கூடவே போயிற்று.

1980களில் கூன்வண்டு வளைகுடா போய்ச் சேர்ந்தது. அங்கே பேரீச்சை.

போர்னியோவில் சேகோப் பனையில் வளரும் கூன்வண்டுப் புழுவைச் சாப்பிடுகிறார்கள். பச்சையாக. வறுத்தும்.

2018 நவம்பர், கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாக விழுந்தது. அறுத்து எடுக்கக் காசு வேண்டும். கிடந்து மட்கினால் கொம்பன் அதிலேயே முட்டையிடும்.

கொம்பன் வராமலிருக்க, குருத்தை ஒட்டின மட்டை இடுக்குகளில் 3 அந்துருண்டை, மேலே மணல். 45 நாளைக்கு ஒரு தடவை. பீரோ வாசனையில் தென்னை.

கொம்பனுக்குப் பானையில் ஆமணக்குப் புண்ணாக்குக் கரைசல். நாற்றத்துக்கு வரும்.

கூன்வண்டுக்கு வாளிப் பொறி. ஆண் வண்டு விடுகிற வாசனையையே செய்து தொங்கவிடுகிறார்கள். அதற்குப் பெண்ணும் வரும், ஆணும் வரும்.

பொறியை இளமரத்துப் பக்கம் வைக்கக் கூடாது. வாசனைக்கு வருகிற எல்லாமே வாளியில் விழுவதில்லை.