கொடிநாள் உண்டியல்

டிசம்பர் 7. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில், லேணா விலக்கு பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தலைமையாசிரியரைப் பார்க்க வந்தவன், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிரே பிள்ளைகள் வரிசை. ஊர்ப் பிள்ளைகள் பாதி, இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகள் பாதி. சீருடையில் யார் எவர் என்று சொல்ல முடியாது. டீச்சர் ஒவ்வொரு சட்டையிலும் சிவப்பும் கருநீலமும் வெளிர்நீலமுமான காகிதக் கொடியைக் குண்டூசியால் குத்திவிடுகிறார். 1949 முதல் நடக்கும் வசூல் இது. "இந்தக் காசு யாருக்குப் போகுது?" என்கிறார். "சண்டையில செத்தவங்க வீட்டுக்கு மிஸ்!"

விருந்தாளியாக வந்திருக்கும் முன்னாள் ராணுவக்காரர் சொற்பொழிவு ஆற்றவில்லை, நல்லவேளை. ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்க்கிறார். ஓடும்போது அவிழாதபடி முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியை உள்ளே செருகிக் காட்டுகிறார். பிள்ளைகள் குனிந்து பார்க்கிறார்கள். பிறகு சியாச்சின் கதை. அங்கே குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை வெட்டி ஸ்டவ்வில் வைத்து உருக்க வேண்டுமாம். "அப்ப குளிக்கிறது?" என்கிறாள் ஒருத்தி. "மாசக்கணக்கா கிடையாது." அதுவரை இல்லாத மரியாதை அந்த நிமிஷம் அவருக்குக் கிடைக்கிறது.

பேத்தியைக் கூட்டிப்போக வந்த முகாம் பாட்டி கொடியைப் பார்க்கிறார்.

"ஆர் குத்தினது?"

"டீச்சர். அந்த மிலிட்டரி தாத்தா கொண்டு வந்தது."

அவர் எழுந்து கும்பிடுகிறார். "எந்த ஊரும்மா நீங்க?"

"மானிப்பாய்."

"எண்பத்தேழுல நான் பலாலில இருந்தேன்."

பாட்டி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கிறார். "உங்கட ஆக்களும் கனபேர் செத்தவையெல்லோ?"

"ஆமாம்மா."

"எங்கட ஆக்களும்."

"ஆமாம்மா."

1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு போய் 1990 மார்ச்சில் திரும்பிய இந்திய அமைதிப்படை ஏறத்தாழ 1,200 பேரை அங்கே பறிகொடுத்தது. அதே படை 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்தபோது நோயாளிகளும் டாக்டர்களும் தாதிகளும் சுடப்பட்டு இறந்தார்கள். இருவருக்கும் இது தெரியும். பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது.

பேத்தியின் கொடியைப் பாட்டி கழற்றச் சொல்லவில்லை. உண்டியலில் காசும் போடவில்லை. இரண்டும் சரிதான் என்றே எனக்குப் படுகிறது. டீச்சரும் உண்டியலை அவர் பக்கம் நீட்டவில்லை, விவரமானவர்.

அவர்கள் போனபின் முகாம் பையன் ஒருவன் ஸ்டூலை ஒட்டி நிற்கிறான். "தாத்தா, நானும் மிலிட்டரில சேரலாமா?"

"நல்லா ஓடணும், நல்லா படிக்கணும். சேரலாம்டா."

டீச்சர் என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "இங்கதான் சார் பொறந்தான், புதுக்கோட்டை ஜி.எச்.ல." ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. அவனுடைய அப்பா, அம்மா இருவருமே முகாமில் அகதிகளாகப் பதிவானவர்கள். கொடியைக் குத்திவிட்ட நாடு முதலில் அந்தச் சட்டத்தைத் திருத்தட்டும்.