எரியாத விளக்கு

எங்கள் வீட்டுக் காடிக்கு என்னைவிட வயது அதிகம். 1996ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. 'மகிழுந்து' என்று எழுத வேண்டும் எனத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை சொல்லிக் கொடுத்தார். அப்பாவுக்கு அது எப்போதும் காடிதான். அதில் சாமான்களை ஏற்றிக்கொண்டுபோய், பாசார் மாலாமில் வடை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

நான் படிவம் ஐந்தில் இருந்தபோது, ஓர் இரவு வீடு திரும்பும் வழியில் இயந்திரம் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. பட்டறைக்காரர் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். சொட்டு எண்ணெய் இல்லை.

"சிவப்பு விளக்கு எரியவே இல்லையே!" என்றார் அப்பா.

பட்டறைக்காரர் சாவியைத் திருப்பினார். இயந்திரம் ஓடாதபோது எண்ணெய் அழுத்தம் இருக்காது. அதனால் அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும். மின்கல விளக்கு எரிந்தது. எண்ணெய் விளக்கு மட்டும் இருட்டாகவே இருந்தது. மின்குமிழ் என்றோ கருகிப் போயிருந்தது! விளக்கு எரியாததை நல்ல சகுனமாக நினைத்து அப்பா ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இயந்திரத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் வியாபாரம் இல்லை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

அந்த ஆற்றாமையில்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

பழைய காடிகளில் இது பெரிய வித்தை அல்ல. முதலில் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். மீட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தின் திருகாணிகளை எடுத்துவிட்டு, மீட்டர் பெட்டியை மெல்ல முன்னால் இழுத்துப் பின்னாலுள்ள இணைப்புகளை விடுவித்தால், குமிழ்கள் வரிசையாகத் தெரியும். கால் சுற்றுத் திருப்பினால் குமிழ் கையோடு வந்துவிடும். சில நேரம் குமிழ் நன்றாகவே இருக்கும். தொடுமுனையில்தான் களிம்பு படிந்திருக்கும். துடைத்தாலே போதும். தமிழ்ப்பள்ளியில் மின்கலமும் கம்பியும் வைத்துப் படித்த 'முழுமையான மின்சுற்று'தான், வேறொன்றுமில்லை.

கணினிப் பெட்டி கொஞ்சம் கடினம். பக்கத்து வீட்டு மாமாவின் பழைய காடி திடீர் திடீரென அணைந்து போனது. பெட்டியைத் திறந்தேன், அழுகிய மீன் போல வாடை. மின்தேக்கியிலிருந்து திரவம் கசிந்து, பலகையின் செப்புக் கோட்டை அரித்திருந்தது. கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் சில ரிங்கிட்டுக்கு அதே அளவு மின்தேக்கி வாங்கி, நேர்முனை எதிர்முனை மாறாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். அரிபட்ட இடத்தில் மெல்லிய கம்பியால் பாலம் போட்டேன். காடி ஓடியது. மாமி ஒரு டப்பா முறுக்கு கொடுத்தார். எதையும் சரிசெய்துவிடலாம் என்று அன்று எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட வந்தது.

சென்ற விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அப்பாவின் செருப்பில் இரத்தக் கறை. உள்ளங்காலில் புண்.

"வலிக்கவே இல்லையேய்யா, அதான் சொல்லல."

அப்பாவுக்குப் பல வருடமாக இனிப்புநீர். கிளினிக்கில் மருத்துவர் அவரைக் கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். "தொடும்போது சொல்லுங்கள்" என்றார். அப்பா அமைதியாகக் காத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் தொட்டு முடித்ததே அவருக்குத் தெரியவில்லை! நீண்ட நாள் இனிப்புநீர் பாத நரம்புகளைக் கெடுத்து உணர்வை மங்கச் செய்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். எனக்கு அந்தப் பழைய மீட்டர்தான் கண்முன் வந்தது. இந்தக் குமிழை ஜாலான் பாசாரில் வாங்க முடியாது.

புண் இப்போது ஆறி வருகிறது. தினமும் இரவு அப்பா கண்ணாடியை வைத்துத் தம் பாதங்களைப் பார்க்கிறார். நான் தொலைபேசியில் கேட்பது, "வலிக்கிறதா அப்பா?" என்றல்ல, "பார்த்தீர்களா அப்பா?" என்றுதான்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய காடி இருந்தால், ஒரு நாள் இயந்திரத்தை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் விளக்கும் மின்கல விளக்கும் எரிகின்றனவா? எரிந்தால் நிம்மதி. பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய், அப்பாவின் பாதங்களையும் ஒருமுறை பாருங்கள்.