எந்த வேடம் வேண்டும்?

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருக எனத் தலைமையாசிரியர் அன்புடன் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நாம் சில நாள்கள் திகைத்திருந்தோம். அத்திகைப்பைத் தீர்த்து வைத்தவன் ஐந்தாம் ஆண்டில் பயிலும் நம் பேரன். ஒரு ஞாயிறு மாலை அவன் கைத்தொலைபேசியில் ஏதோ விளையாட்டில் மூழ்கியிருந்தான். அருகமர்ந்து நோக்கினோம். வாளேந்திய வீரன், வில்லேந்திய நங்கை, நீண்ட தாடியுடைய மந்திரவாதி, நோய் தீர்க்கும் துறவி எனப் பலர் திரையில் வரிசையாக நின்றனர். அவர்களுள் ஒருவரைத் தேர்ந்து, அவராகவே காடும் மலையும் கடந்து செல்ல வேண்டுமாம்.

"தாத்தா, சின்னப் பிள்ளையில நீங்களும் இப்படி ஆள் மாறி விளையாடுவீங்களா?" என்றான்.

விளையாடியதுண்டு என்றோம்.

"அதுல ஓர் ஆளா நிஜமாவே மாறிடலாம்னா, எந்த ஆளா மாறுவீங்க?"

விளையாட்டாய்க் கேட்ட வினாதான். ஆயினும் விடை கூற நமக்கு இரண்டு வாரங்கள் ஆயின.

நாம் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். 1968ஆம் ஆண்டில் நமக்கு வயது பத்து. அக்காலத்தில் எங்களிடம் தொலைபேசியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. பள்ளி விட்டதும் லயத்துக்குப் பின்புறமுள்ள பலாமரத்தடியில் கூடுவோம். எங்கள் விளையாட்டுக்குப் 'பெரட்டு' என்று பெயர். இன்றைய மாணவச் செல்வங்களுள் பலர் பெரட்டைக் கண்டிருக்க மாட்டீர்கள். உங்கள் பாட்டன் பாட்டிமார் விடியற்காலை இருளில் வரிசையாக வந்து நிற்க, தண்டல் ஆள் எண்ண, கிராணி பேர் போட, துரை மேற்பார்வையிட, அன்றைய வேலை பகிர்ந்தளிக்கப்படும் இடம் அது. பால் வெட்டு வெயிலுக்குமுன் தொடங்க வேண்டிய தொழில். குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற வடிதல் குறைந்துவிடும். ஆகவே பெரட்டுக்குப் பிந்தி வருவது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது.

கண்ணால் கண்டதையே குழந்தைகள் விளையாடுவர். எங்களுக்கு அரிசி கழுவிய நீரே மரப்பால். சிரட்டையே மங்கு. ஒரு கழியின் இரு முனையிலும் பால் டின்களைக் கட்டித் தொங்கவிட்டால் அதுவே காண்டா. பாலின் கனத்தை அளக்கும் கருவிக்குப் பதிலாகப் பப்பாளி இலைத் தண்டு ஒன்றை டின்னுக்குள் விட்டு, "தண்ணி கலந்திருக்கு!" என்று அதட்டுவான் கிராணி வேடமிட்டவன். கூலியாக ரப்பர் விதைகளை எண்ணிக் கொடுப்போம். வெயில் நாள்களில் அவ்விதைக் காய்கள் மரத்திலேயே படீரென வெடித்துச் சிதறும். எங்கள் கருவூலம் ஒருநாளும் வற்றியதில்லை.

வேடங்கள் பல இருந்தன. டிரஸ்ஸராக இருந்து செம்பருத்திச் சாற்றை மருந்தென்று ஊற்றியிருக்கிறோம். மாரியம்மன் கோயில் பூசாரியாக இருந்து செங்கல் தூளைக் குங்குமமென்று பூசியிருக்கிறோம். பள்ளி விழாவில் அரிச்சந்திரன் நாடகத்தில் அரண்மனைக் காவலனாக நின்றதும் உண்டு. அதில் நமக்கு வசனமே கிடையாது, ஈட்டி மட்டும் கனத்தது. இவையெல்லாம் பெரட்டின் துரை வேடத்துக்கு ஈடாகுமா? எல்லாரும் விரும்பியது அதனையே. ஆனால் அது எப்போதும் நமக்கே வாய்த்தது. காரணம் திறமையன்று, தொப்பி. நம் தந்தையார் துரை பங்களாவில் தோட்ட வேலை செய்தவர். வெள்ளைக்காரத் துரை கழித்துக் கட்டிய தொப்பி ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிற்று. அது நம் காதுகளை மூடி மூக்குவரை இறங்கும். எனினும் மெய்யான துரையின் மெய்யான தொப்பி! மரவள்ளித் தண்டை ஊன்றிக்கொண்டு, அத்துரையின் உடைந்த தமிழில் நாம் ஏசும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பர்.

எவரும் விரும்பாத வேடம் பால் வெட்டும் பெண். அதனை நாலாம் வீட்டுச் சிறுமியின் தலையில் கட்டினோம். எட்டு வயது, வாய் திறவாத பிள்ளை. அவளும் மறுக்காமல் காண்டாவைத் தோளில் ஏற்றிக்கொள்வாள். அவளுடைய அன்னையார் மெய்யாகவே பால் வெட்டுபவர். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியிருந்ததால் அவ்வம்மையார் பெரட்டுக்குச் சில நாள்கள் பிந்துவார். அதனையும் நாங்கள் விளையாட்டில் சேர்த்திருந்தோம் என்பதை இப்போது எழுதக் கை கூசுகின்றது. சிறுமி வேண்டுமென்றே பிந்தி வர வேண்டும். துரை ஏச வேண்டும். அவள் அழ வேண்டும். அதுவே எங்கள் ஆட்டத்தின் உச்சக் காட்சி.

ஒருநாள் அக்காட்சி நடந்துகொண்டிருந்தது. நாம் தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "லேட்டு! வேலை இல்லே! போ வீடு!" என்று முழங்கினோம். சிரிப்பொலி எழவில்லை. திரும்பிப் பார்த்தால், சிறுமியின் அன்னையார் நின்றுகொண்டிருந்தார். அன்று காலை அவர் மெய்யாகவே பிந்தியிருந்தார். அவருடைய நிரையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர். அதனை நாங்கள் அறியோம். விறகு பொறுக்கிக்கொண்டு வந்தவர், தலைச்சுமையை இறக்கி வைத்தார். இடுப்பில் செருகியிருந்த சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு எங்கள் வரிசையின் கடைசியில் போய் நின்று, நம்மைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தொரை, கைப்புள்ளக்காரி. அரைநாள் வேலையாவது போட்டுக் கொடுங்க தொரை."

முகத்தில் புன்னகை இருந்தது; விளையாட்டில் கலந்துகொண்டார் என்றே பிள்ளைகள் எண்ணிக் கைகொட்டினர். காலையில் பெரட்டுக் களத்தில் சொன்ன சொற்களையே அவர் திருப்பிச் சொன்னார் என்பது நம் தாயார் இரவில் பேசக் கேட்டுப் பின்னர் அறிந்தது.

அவ்வேளையில் நாம் என்ன செய்திருக்கலாம்? தொப்பியைக் கழற்றியிருக்கலாம். "வாங்க அத்தை" என்றிருக்கலாம். ஒரு சொல்லும் பேசாமல் ஓடியிருந்தாலும் குற்றமில்லை. நாம் அவற்றுள் எதனையும் செய்யவில்லை. பிள்ளைகள் எல்லாரும் நம் முகத்தையே நோக்கினர். துரை பின்வாங்கலாகாது என்று தோன்றிற்று. மரவள்ளித் தண்டைத் தரையில் தட்டி, "போ வீடு!" என்றோம் மறுபடியும்.

அம்மையாரின் புன்னகை மறையவில்லை, அப்படியே நின்றுவிட்டது.

அப்போதுதான் கிராணி எழுந்தான். கிராணி வேடமிட்டிருந்தவன் தண்டலின் மகன். எங்களைவிட ஒரு வயது மூத்தவன். பள்ளியில் கணக்குக்கு அடி வாங்காத நாளில்லை. அவன் நம்மைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையிலிருந்த அட்டைக் கிழிசலில் கரித்துண்டால் பெரிதாக ஏதோ எழுதினான். "முழுப்பேர் போட்டாச்சு அத்தை. போய்ப் பால் வெட்டுங்க" என்றான். அம்மையார் அவன் தலையை ஒருமுறை தடவினார். விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, மகளை அழைத்துக்கொண்டு போனார்.

அதன்பின் நாங்கள் பெரட்டு விளையாடியதாக நினைவில்லை. தொப்பியை என்ன செய்தோம் என்பதும் நினைவில்லை.

மன்னிப்புக் கேட்கும் எண்ணம் நமக்கு உடனே வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வெண்ணம் வந்தபோது அவர்கள் இல்லை. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை பெறாதார் வேலை செய்வதற்கு அனுமதி பெற வேண்டும் என்ற நிலை 1969இல் வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து தமிழகம் திரும்பினர். எங்கள் லயத்திலும் பல வீடுகள் பூட்டப்பட்டன. நாலாம் வீடும் அவற்றுள் ஒன்று. 1970இல் அக்குடும்பம் பினாங்கில் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினம் போயிற்று. தோட்டத்து லாரியில் மூட்டைகளுக்கு நடுவே அச்சிறுமி அமர்ந்திருந்ததைக் கண்டோம். கையசைத்தாள். நாமும் அசைத்தோம்.

பின்னர் நாம் படித்து 1980இல் ஆசிரியரானோம். நம் கைக்கு வந்த முதற் பொருள் வருகைப் பதிவேடு. வேடிக்கை பாருங்கள்: நாள்தோறும் காலையில் வரிசை, பேர் அழைப்பு, பிந்தி வந்தோர்க்குச் சிவப்பு மை! பெரட்டு நம்மை விட்டபாடில்லை. விடியுமுன் தாயும் தந்தையும் மலைக்காட்டுக்குப் போய்விட, தம்பி தங்கையரைக் குளிப்பாட்டி விட்டுத் தலையும் காயாமல் ஓடிவரும் பிள்ளைகள் நம் வகுப்பிலும் இருந்தனர். சில நாள்கள் நாம் எழுதியது கறுப்பு மை; சில நாள்கள் சிவப்பு. எந்நாளும் கறுப்பே என்று இங்கே எழுதினால், நம்மிடம் பயின்று இன்று பெற்றோராக இம்மலரைப் படிப்போர் நகைப்பர்.

ஆகவே பேரனுக்கு நம் விடை இதுவே: துரை வேண்டாம், டிரஸ்ஸரும் பூசாரியும் வேண்டாம், கிராணியாக வேண்டும். எங்கள் தோட்டத்து மெய்யான கிராணியை நாம் சொல்லவில்லை. அவர் நல்லவர்தாம், ஆயினும் துரை இல்லையென்ற இடத்தில் உண்டென்று எழுத அவரால் ஆகாது, எழுதினால் அடுத்த நாள் அவருக்கே பெரட்டில் இடமிராது. நாம் ஆக விரும்புவது பலாமரத்தடியில் தண்டலின் மகன் ஆடிக் காட்டிய கிராணி. அப்படியொரு கிராணியை அவன் எங்கும் கண்டிருக்க முடியாது. எங்கிருந்து எடுத்தான் என்பதே நமக்கு இன்றளவும் வியப்பு.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருமண வீட்டில் அவனைக் கண்டோம். லாரி ஓட்டி ஓய்வு பெற்றுவிட்டான். பந்தியில் அருகமர்ந்து அந்நாளை நினைவூட்டினோம். வெகுநேரம் யோசித்தான்.

"தொப்பி ஞாபகமிருக்கு. உன் தலையில நிக்கவே நிக்காது. மத்தது ஒண்ணும் ஞாபகமில்லையேப்பா" என்று கூறிவிட்டு, ரசம் ஊற்றச் சொன்னான்.

இவையனைத்தையும் பேரனிடம் கூறினோம். விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான். இறுதியில் அவனுக்கு ஓர் ஐயம் எழுந்தது.

"கிராணிக்கு என்ன ஆயுதம், தாத்தா?"

கரித்துண்டு என்றோம். நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பின்பு தன் வாள்வீரனையே தேர்ந்துகொண்டு, மறுபடியும் காட்டுக்குள் புகுந்துவிட்டான்.